செந்தூலில் பழைய மலிவு விலை அடுக்குமாடி: இடித்துக் கட்டக் கையெழுத்துப் போடுவதா, இருப்பதைச் சீர்ப்படுத்துவதா?

செந்தூல்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரின் செந்தூலில் மின்தூக்கி இல்லாத ஐந்து மாடி மலிவு விலைக் குடியிருப்பு ஒன்றில் சிறு வயது முதல் வசித்து வருகிறேன். அதன் கூட்டு நிர்வாக அமைப்பின் செயற்குழுவில் இவ்வாண்டுதான் எனக்கு இடம் கிடைத்தது. நிர்வாகத்திலும் சமூகப் பணியிலும் அனுபவம் உள்ளவர்களிடம் ஆலோசனை கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கட்டடம் 1980களின் இறுதியில் எழுந்தது. அக்காலத்தில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் நிர்ணயித்திருந்த உச்ச விலை 25,000 வெள்ளி (ரிங்கிட்). இரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஓய்வு பெற்று வெளியேறியவர்களும், ஆற்றோரப் புறம்போக்கு வீடுகளை இழந்தவர்களும் அந்த விலைக்குத்தான் இங்கே வீடு வாங்கினார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. பிள்ளைகள் ரவாங், செலாயாங், சுங்கை பூலோ என்று தரை வீடுகளுக்குப் போய்விட்டதால் பழைய வீடுகள் வாடகைக்கு விடப்பட்டுள்ளன. என் கணிப்பில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் வாடகைக் குடும்பங்களே இருக்கின்றன. துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர், உணவு விநியோகிப்பவர், வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்பவர் எனப் பெரும்பாலோர் நம்மவர்கள்தாம்.

கட்டடத்தின் நிலையோ கவலை அளிக்கிறது. கூரையில் உள்ள தண்ணீர்த் தொட்டி ஒழுகி ஐந்தாம் மாடிச் சுவர்கள் ஊறிவிட்டன. படிக்கட்டு விளக்குகளில் பல எரிவதில்லை. மேல் மாடிகளில் வசிக்கும் முதியவர்கள் மருத்துவமனைத் தவணைக்கு மட்டுமே கீழே இறங்குகிறார்கள். மாதம் 45 வெள்ளிப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இடம் கொள்ளாத அளவுக்கு நீண்டுவிட்டது.

இந்த நேரத்தில், மேம்பாட்டு நிறுவனம் ஒன்றின் ஆட்கள் வார இறுதிகளில் வீடு வீடாக வந்து ஒரு பாரத்தில் (படிவத்தில்) கையெழுத்துக் கேட்கிறார்கள். 2023 மார்ச்சில் செந்தூல் வெஸ்ட் எம்ஆர்டி இரயில் நிலையம் திறக்கப்பட்ட பிறகு இந்த வட்டாரத்து நிலத்தின் மீது எல்லாருக்கும் கண் விழுந்துவிட்டது. "சட்டம் வந்துவிட்டது. 75 விழுக்காட்டினர் சம்மதித்தால் மற்றவர்களும் போய்த்தான் ஆக வேண்டும். முதலில் கையெழுத்திடுபவருக்குப் புதிய கட்டடத்தில் நல்ல மாடி கிடைக்கும்" என்று சொல்கிறார்கள். பழைய உரிமையாளர்களில் ஒரு சாரார் மகிழ்ச்சியாகவும் மறு சாரார் அச்சத்தோடும் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

நான் அறிய விரும்புவது இவைதாம். இந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இடித்துக் கட்டினால் இங்குள்ளவர்களால் அதே இடத்தில் தொடர்ந்து வாழ முடியுமா? இடிக்காமல் இந்தக் குடியிருப்புக்கு உயிரூட்ட வேண்டுமானால், கையில் பணம் இல்லாத நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

கட்டடக்கணக்கர் (மறுமொழி):

சகோதரி, அடுக்குமாடி நிர்வாகத் துறையில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கான விடை எளிது. அந்த ஆட்கள் சொல்லும் சட்டம் நான் இதை எழுதும் வேளையில் நடப்பில் இல்லை. நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் முதல் வாசிப்புக்கு வந்தது. பலத்த எதிர்ப்புக்கிடையே இரண்டாம் வாசிப்பு தள்ளிப்போனது. 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 75 விழுக்காடு, கைவிடப்பட்ட கட்டடத்துக்கு 51 விழுக்காடு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்பது அதில் முன்மொழியப்பட்ட அளவு. அது நிறைவேறாதவரை 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டம்தான் (அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமை வழங்கும் சட்டம்) ஆள்கிறது. அதன்படி, கட்டடத்தை இடித்து உரிமைகளைக் கலைக்க வேண்டுமானால் உரிமையாளர் அனைவரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே 'சட்டம் வந்துவிட்டது' என்பது உண்மையல்ல. அதற்காகக் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாரம் விருப்பத்தைத் தெரிவிக்கும் கடிதமா, விற்பனைக்கு ஒப்புதலா, உங்கள் சார்பில் செயல்பட அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரமா என்பதைப் பொறுத்து அதன் விளைவு முற்றிலும் மாறும். மூன்றாவது வகையாக இருந்தால், வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் யாரும் பேனாவைத் திறக்கக் கூடாது. பாரத்தின் நகலை உரிமையாளரிடம் விட்டுச்செல்ல மறுக்கும் ஆளை அன்றே வாசலோடு அனுப்பிவிடலாம்.

அடுத்து, உங்கள் வீடுகளுக்கு ஸ்ட்ராட்டா உரிமைப் பத்திரம் வந்துவிட்டதா என்று பாருங்கள். இன்னும் கூட்டு நிர்வாக அமைப்பே இயங்குவதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பத்திரம் வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். வந்திருந்தால் காலப்போக்கில் நிர்வாகக் கழகம் அதன் இடத்தைப் பிடித்திருக்கும். பத்திரம் இல்லாத இடத்தில் நிலம் பழைய மேம்பாட்டாளரின் பெயரிலேயே கிடக்கும். பேச்சுவார்த்தையில் உங்கள் கை தாழ்ந்திருப்பதற்கு அது ஒன்றே போதும். இடிப்பது பற்றிப் பேசுவதற்கு முன் பத்திரத்தைப் பெறும் முயற்சியைத் தொடங்குங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புதிய வீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் அதில் வாழ்வது இலவசமல்ல. மின்தூக்கி, நீச்சல் குளம், பாதுகாவல் எல்லாம் உள்ள கோபுரத்தில் சதுர அடிக்கு 30 காசு பராமரிப்புக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 சதுர அடி வீட்டுக்கு அது மாதம் 270 வெள்ளி ஆகிறது. இப்போது 45 வெள்ளியே கட்ட முடியாமல் நிலுவை வைத்திருப்பவர், ஆறு மடங்கை எங்கிருந்து கட்டுவார்? ஓய்வூதியத்தில் வாழ்பவர் ஓரிரு ஆண்டுகளில் வீட்டை விற்றுவிட்டு வெளியேறுவார். அதைத் தன் விருப்பப்படி விற்றதாகவே ஆவணம் சொல்லும். எனவே மேம்பாட்டாளரிடம் சதுர அடியைக் கேட்பதற்கு முன், முதல் பத்து ஆண்டுகளுக்குப் பழைய உரிமையாளரின் கட்டணத்தை யார் ஏற்பது, பழைய குடியினருக்குத் தனிக் கட்டடமா அல்லது கலந்த கட்டடமா, கட்டி முடிக்கும் வரை வாடகையை யார் தருவது, நிறுவனம் பாதியில் நொடித்துப்போனால் உத்தரவாதம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு என் துறை சார்ந்து மட்டும் சொல்கிறேன். 2015 ஜூனில் நடப்புக்கு வந்த 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், பராமரிப்புக் கட்டணத்தில் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகையைத் தனியே ஒதுக்கு நிதியாக வசூலித்துத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. சாயம் பூசுவது, தேய்ந்துபோன பொதுச் சாதனங்களை மாற்றுவது போன்ற பெரிய செலவுகளுக்காகவே அந்த நிதி. 200 வீடுகள் என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கு 4.50 வெள்ளி வீதம் ஆண்டுக்கு 10,800 வெள்ளி. பாதிப் பேர் கட்டாவிட்டால் 5,400. ஒரு தொட்டியை மாற்றுவதற்கே இது காணாது என்பது உண்மைதான். ஆனால், கணக்கு ஒழுங்காக இருந்து தணிக்கையும் நடந்திருந்தால்தான் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் பராமரிப்பு நிதிக்கு விண்ணப்பிக்கும் தகுதி உங்களுக்கு வரும். கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற வேலைகளுக்கு மலிவு விலைக் குடியிருப்புகள் அந்த வழியில்தான் உதவி பெற்றுள்ளன.

நிலுவைப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவதால் பணம் வராது, பகைதான் வரும். கட்ட மனமில்லாதவர் யார், கட்ட வழியில்லாதவர் யார் என்று முதலில் பிரியுங்கள். வீட்டை 700, 800 வெள்ளி வாடகைக்கு விட்டுவிட்டு 45 வெள்ளியைக் கட்டாத உரிமையாளர் முதல் வகை. அவருக்குக் கோரிக்கை நோட்டீஸ் அனுப்பி, பிறகு ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டாம் வகையினருக்குத் தவணை கொடுங்கள்.

ரவாங்காரன் (மறுமொழி):

மேலே எழுதிய நண்பரின் கணக்கு சரி. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. செந்தூலில் இதே போன்றதோர் அடுக்குமாடியில் எனக்கு ஒரு வீடு உண்டு. தந்தை வாங்கியது, இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் தண்டவாளப் பணிமனையில் உழைத்த ஒருவர் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்து அது. பக்கத்து நிலமெல்லாம் பல மடங்கு விலை ஏறும்போது, ஏழையின் வீடு மட்டும் என்றைக்கும் மலிவாகவே இருக்க வேண்டும், ஊறிய சுவருக்குள் அவன் சமூக உணர்வோடு வாழ வேண்டும் என்று வெளியிலிருந்து அறிவுரை சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இடித்துக் கட்டி நல்லபடியாக முடிந்ததற்கும் கோலாலம்பூரில் முன்மாதிரி இருக்கிறது. சுங்கை பீசி சாலையில் 1967இல் கட்டப்பட்ட ரசாக் மென்ஷன் அடுக்குமாடியில் வசித்தவர்களுக்கு, அருகிலேயே புதிய கோபுரங்களை எழுப்பி, பழைய வீட்டைக் காட்டிலும் பெரிய வீடுகளைக் கொடுத்தார்கள். புதியது முடிந்த பிறகே பழையதைக் காலி செய்தார்கள். அத்தகைய நிபந்தனையோடு வந்தால் நான் கையெழுத்திடுவேன்.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி பெக்கெலிலிங் அடுக்குமாடி. 1960களில் எழுந்த அந்தப் பதினேழு மாடிக் கட்டடங்களிலிருந்து மக்களை வெளியேற்றிவிட்டு, பல ஆண்டுகள் வெறும் கூடாகவே நிற்க விட்டு, அதன் பிறகுதான் இடித்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இடிப்பதா வேண்டாமா என்ற கேள்வியை விட, எது முதலில், எது பிறகு என்ற வரிசைதான் முக்கியம் என்பது என் கருத்து.

ஜெலுத்தோங் வாசகர் (மறுமொழி):

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ரவாங் அண்ணனின் நியாயம் உரிமையாளரின் நியாயம், அதை மறுக்கவில்லை. ஆனால் சகோதரியின் கேள்வியில் ஒரு வரி எல்லாராலும் தாண்டிச் செல்லப்படுகிறது: "வாடகைக்கு இருப்பவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை." 75 ஆனாலும் 100 ஆனாலும், அந்த விழுக்காடு உரிமையாளர்களை எண்ணுகிறதே தவிர அங்கு வாழ்பவர்களை எண்ணுவதில்லை. பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள் இருக்கும் இடத்தில், அங்கு வசிக்காதவர்களின் கையெழுத்துகளே அங்கு வசிப்பவர்களின் விதியை முடிவு செய்துவிடும்.

இதை நாங்கள் ஜார்ஜ் டவுனில் கண்ணால் பார்த்தோம். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து கடை வீடுகளின் வாடகையை உரிமையாளர் விருப்பம்போல் உயர்த்த முடிந்தது. தலைமுறைகளாக மாடியில் குடியிருந்து கீழே தொழில் செய்தவர்கள் ஜெலுத்தோங்குக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்கும் கலைந்தார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தபோது நகரம் பெருமைப்பட்டது. அப்பெருமையில் எனக்கும் பங்குண்டு. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. ஆனால் மார்க்கெட் தெருவில் மாலை கட்டியவரும் பொற்கொல்லரும் வாடகைக்குத்தானே இருந்தார்கள்? பழைய சுவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே பினாங்கில் இருந்த கம்போங் புவா பாலா கிராம மக்களின் கதை நம்மவர் அனைவருக்கும் தெரியும். எத்தனையோ தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்திருந்தும் நிலப் பத்திரத்தில் பெயர் இல்லாததால் 2009இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் அவர்களால் அந்த இடத்தைக் காத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி ஆக்கபூர்வமாக ஒன்று. 2012 முதல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், உள்ளாட்சி மன்றங்களோடு சேர்ந்து மக்கள் பங்கேற்கும் வரவு செலவுத் திட்டம் ஒன்றை நடத்தியது. தீவில் ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்புத் திட்டமும், பெருநிலத்தில் நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள அம்பாங்கான் குடியிருப்பும் அதன் முன்னோடிகள். அதன் சிறப்பு, குடியிருப்பில் வசிப்போர் அனைவரையும் அணுகியதுதான். பெண்கள், ஆண்கள், இளைஞர்கள், சிறுவர்கள், முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள் என்று தனித்தனிக் குழுக்களாக அமர வைத்துத் தேவைகளைக் கேட்டார்கள். பிறகு அத்தேவைகளை முன்வைத்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே பொருட்டல்ல. பொதுக்கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள், பெண்கள் மட்டும் அமர்ந்திருக்கும் குழுவில் இருண்ட படிக்கட்டைப் பற்றியும் உடைந்த கதவைப் பற்றியும் பேசுவார்கள். ஆண்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் வாகன நிறுத்துமிடம். தனித்தனியே கேட்காவிட்டால் இந்த வேறுபாடு வெளியே தெரியாது.

அம்பாங்கானில் துப்புரவுதான் முதன்மைக் குறையாக எழுந்தது. அந்த வேலையைக் குடியிருப்பாளர்களிடமே ஒப்படைக்கும் ஏற்பாடும் நடந்தது. செலவாகிய பணம் அதே கட்டடத்துக் குடும்பங்களுக்கு ஊதியமாகத் திரும்பியது என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் மாநிலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. மலிவு விலைக் குடியிருப்புகளின் பெரும் பழுதுகளுக்கு 80 விழுக்காட்டை மாநில அரசு ஏற்று, எஞ்சியதைக் குடியிருப்பாளர்கள் கட்டும் திட்டம் அது. அந்த 20 விழுக்காட்டைத் திரட்டுவதற்குள்ளேயே சில இடங்களில் மூச்சு முட்டிவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோலாலம்பூரில் நீங்கள் மாநகர் மன்றத்தையும் கூட்டரசு அமைச்சையும்தான் நாட வேண்டியிருக்கும்.

பந்தாய் டாலாம் ஆசிரியர் (மறுமொழி):

நான் லெம்பா பந்தாய் வட்டாரத்து மக்கள் வீடமைப்புத் திட்டங்களில் மாலை நேர வகுப்புகள் நடத்திவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர். சட்டத்தையும் பணத்தையும் பற்றி மேலே நிறைவாகவே எழுதிவிட்டார்கள். அந்தத் தங்கையின் மூன்றாவது கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளி. வீடு மலிவுதான், வீட்டுக்கு வெளியே உள்ளதுதான் பிரச்சினை. 2018 ஜனவரியில், பள்ளி மாணவன் ஒருவன் கடைக்குப் போய்த் திரும்பும்போது, மேல் மாடியிலிருந்து எறியப்பட்ட நாற்காலி விழுந்து உயிரிழந்தான். அவனுக்குப் பதினைந்து வயது. அதன் பிறகு வலையும் கேமராவும் பற்றி நிறையப் பேசப்பட்டது. பெரிய பழைய பொருள்களைப் போடுவதற்குத் தரையில் ஓரிடமும், அவற்றைக் கீழே கொண்டுவர ஒழுங்காக வேலை செய்யும் மின்தூக்கியும், வாரம் தவறாமல் அவற்றை அகற்றும் லாரியும் இல்லாத வரையில், கேமரா நடந்ததைப் பதிவு செய்யுமே தவிர நடக்காமல் தடுக்காது. உங்கள் கட்டடத்தில் மின்தூக்கி இல்லை என்பதால் பழைய மெத்தையும் அலமாரியும் நடைவழியிலேயே குவிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்கி, இளைஞர்களைக் கொண்டு எல்லா வீட்டுப் பழைய பொருளையும் இறக்கி, அன்றே மாநகர் மன்ற லாரியை வரவழையுங்கள். செலவு மிகவும் குறைவு. நடைவழி திறந்ததும் தீ விபத்து அச்சமும் குறையும்.

அதே 2018இல் யுனிசெப் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்குரிய உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். 15 விழுக்காட்டினருக்கு எடை போதவில்லை. நாட்டின் தலைநகரில், இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இது நடக்கிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி கோலாலம்பூர்க் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 10,234 வெள்ளி. அந்த எண்ணின் நிழலுக்குள் எங்கள் பிள்ளைகள் மறைந்துபோகிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குடியிருப்பை மேம்படுத்துவது என்றவுடன் எல்லாரும் சுவரைத்தான் பார்க்கிறார்கள். கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைத் திறந்து, காலையில் பாலர் பள்ளி, மாலையில் வீட்டுப்பாட வகுப்பு, இடையில் தாய்மார்கள் சேர்ந்து சமைக்கும் சத்துணவு என்று நடத்தினால், சாயம் பூசும் செலவை விடக் குறைவான செலவில் அதிகப் பலன் கிடைக்கும். மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்சிக் கிளைத் தலைவரின் சட்டைப் பையில் இருக்கும்.

சுவரோவியங்கள் பற்றியும் ஒரு சொல். நன்கொடை நிறுவனங்கள் வரும்போது முதலில் சுவரில் படம் வரையத்தான் ஆசைப்படுகிறார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும் அல்லவா? வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "முதலில் படிக்கட்டு விளக்குகளையும் கைப்பிடியையும் சரி செய்து கொடுங்கள், பிறகு வரையலாம்" என்று சொல்லுங்கள். பிரிக்பீல்ட்ஸில் 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நமது பிரதமரும் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தபோது தோரண வளைவுகளும் நீரூற்றும் வந்தன. ஆனால் அதே வட்டாரத்தில்தான் நூற்றாண்டுப் பழமை கொண்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' இரயில்வே வீடுகளில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. கடைத்தெரு பொலிவடைவதும் குடியிருப்பு உயிர் பெறுவதும் வெவ்வேறு காரியங்கள்.

கடைசியாக இளைஞர்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருவர் பிள்ளையை மற்றவர் கண்டித்து வளர்த்தார்கள். பலகை வீடுகள் உடைக்கப்பட்டு, குலுக்கல் முறையில் ஒருவர் மூன்றாம் மாடியிலும் இன்னொருவர் பதினாறாம் மாடியிலும் விழுந்தபோது அந்தக் கண்காணிப்பு அறுந்தது. அறுந்த இடத்தில் குண்டர் கும்பல்கள் நுழைந்தன. உங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் இன்னும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்றால், அது மேம்பாட்டாளரின் மதிப்பீட்டு அறிக்கையில் வராத சொத்து. ரவாங் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. விலை ஏற வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பேச்சில் வாடகைக் குடும்பத்துக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மாற்று வாடகை வீடு பார்த்துத் தருவதும், இடம் பெயரும் செலவை ஏற்பதும், பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியும் வரை காத்திருப்பதும் ஒப்பந்தத்தில் எழுதக்கூடிய நிபந்தனைகள்தாமே.

செந்தூல்வாசி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்று மாலை அந்தப் பாரத்தின் நகல் ஒன்றைப் பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், உரிமையாளர் சார்பில் விண்ணப்பங்களில் கையொப்பமிடும் அதிகாரத்தை நிறுவனத்துக்கு வழங்குவதாக ஒரு பத்தி இருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் காட்டும் வரை யாரும் கையெழுத்திட வேண்டாம் என்று குழுவின் சார்பில் அறிவிப்பு ஒட்டப்போகிறோம். மண்டபச் சாவி பற்றி ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சாவி அவர் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.

கணக்கர் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. எங்கள் பொதுக்கூட்டத்துக்குச் சுமார் பதினைந்து பேர்தான் வருகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வந்தால் "உங்களுக்கு இங்கே வேலை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சட்டப்படி அவர்களுக்கு வழியே இல்லையா?

கட்டடக்கணக்கர்:

வழி உண்டு, சகோதரி. வாக்குரிமை உரிமையாளருக்குத்தான். ஆனால் அவர் எழுத்து மூலம் ஒருவரைப் பதிலாளாக நியமிக்கலாம். அந்தப் பதிலாள் உரிமையாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவர் ஒரு கூட்டத்தில் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளாக இருக்க முடியும் என்பது விதி. அது உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் ஒரே ஆள் கட்டுக்கட்டாகப் பாரங்களைக் கொண்டுவந்து கூட்டத்தைக் கைப்பற்ற முடியாது. வெளியூரில் வசிக்கும் ஒவ்வோர் உரிமையாளரும் தன் வீட்டில் குடியிருப்பவரையே பதிலாளாக நியமித்தால், அங்கு வாழ்பவர்களே கூட்டத்தை நிரப்புவார்கள். பாரம் கூட்டத்துக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் அலுவலகத்தில் சேர வேண்டும். கூட்ட அறிவிப்பு 14 நாள்களுக்கு முன் வரும். எனவே அறிவிப்பு வந்த அன்றே உரிமையாளர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கட்டண நிலுவை வைத்திருக்கும் உரிமையாளருக்கு வாக்கு இல்லை. அவருடைய பதிலாளுக்கும் இல்லை. ஆகவே நிலுவையைத் தீர்த்தாக வேண்டும். வாடகைக்கு இருப்பவரே அதைக் கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்வதாக உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்வதும் ஒரு வழி. அடுத்தது, இந்தப் பதிலாள் முறை நிர்வாக அமைப்பின் கூட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். கட்டணம், துப்புரவு ஒப்பந்தம், மண்டபம், பழுது வேலை ஆகியவற்றில் அவர்கள் குரல் எடுபடும். இடித்துக் கட்டுவதற்கான சம்மதம் உரிமையாளரின் கையில்தான் இருக்கும்.

கூட்டத்துக்கு வர வேண்டிய எண்ணிக்கை, வாக்குரிமை உள்ளவர்களில் பாதி. அரை மணி நேரம் காத்திருந்தும் அது சேராவிட்டால், வந்திருப்பவர்களைக் கொண்டே கூட்டம் செல்லும். பதினைந்து பேர் எல்லாவற்றையும் முடிவு செய்வது அப்படித்தான்.

ரவாங்காரன்:

என் வீட்டில் குடியிருக்கும் அம்மாவுக்கு அடுத்த கூட்டத்துக்கான பாரத்தில் கையெழுத்திட்டுத் தர எனக்குத் தடையில்லை. நிலுவையும் என் பக்கம் இல்லை. ஆசிரியர் ஐயா சொன்ன இடமாற்றச் செலவு நிபந்தனையையும் ஏற்கிறேன், ஆனால் அதை மேம்பாட்டாளர் தர வேண்டும், உரிமையாளர் பங்கில் பிடிக்கக் கூடாது. இடித்துக் கட்டும் விஷயத்தில் என் நிலைப்பாடு மாறவில்லை.